கார்லா மலையில் இறக்கிய முடி

தாராவி, பம்பாய் – 17
ஐப்பசி 25, செவ்வாய்க்கிழமை, 1964

சிரஞ்சீவி கணேசபாண்டியனுக்கு, உன் அக்காள் செண்பகவல்லியின் மாமியார் பார்வதியம்மாள் தன் கையாலேயே எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்காள், அத்தான் பிச்சையா, சின்னவன், நான் எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் துணிவில்லை.

கையெழுத்தைப் பார்த்து இது யார் கடுதாசி என்று திகைத்திருப்பாய். எப்போதும் உன் அக்காள்தான் எழுதுவாள். அடியில் 'அத்தை விசாரித்தார்கள்' என்று ஒரு வரி இருக்கும். நான் ஒரு நாளும் விசாரிக்கச் சொன்னது கிடையாது தம்பி. அவளாகப் போட்டுக்கொள்வாள். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் அஞ்சாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். வரிசை வீடுகளாக இருக்கிற இந்த லைனில் பாதிப் பேருடைய கடுதாசியைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதிக் கொடுப்பதும் நான்தான். அப்படிப்பட்டவளுக்கு இந்தத் தாளை எடுத்து வைத்ததிலிருந்து எழுத்து ஓடவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே ரேஷன் கடையில் அரிசி குறைந்துவிட்டது. கோதுமைதான் போடுகிறான். பிச்சையா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான். பட்டறையில் அவனுக்கு வேலை அதிகம், ஞாயிற்றுக்கிழமையும் போகிறான். அங்கே மழை பிடித்துவிட்டதா? வீட்டுக் கூரையை மாற்றிவிட்டாயா? புரட்டாசியில் நீ போட்ட கடுதாசியில் குளிர்காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். அதன்பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்கு உன் அக்காள் ஏதாவது ஒரு சாக்கில் வாசலில் நிற்கிறாள். காயாத துணியை எடுக்கிறாள், எடுத்த துணியை மறுபடியும் போடுகிறாள். அவர் நம் வாசலைத் தாண்டிப் போன பிறகு உள்ளே வருகிறாள்.

அவள் அப்படி நிற்பதற்குக் காரணம் உன் காய்ச்சல் மட்டும் இல்லை. நான் ஒரு மலைமேல் வைத்துச் சொன்ன ஒரு சொல். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

சின்னவனுக்குப் பங்குனி உத்திரத்தன்று நம் சாஸ்தா கோவிலில் உன் மடியில் உட்காரவைத்து முடியிறக்கிக் காது குத்துவது என்று பேசியிருந்தது உனக்கு மறந்திருக்காது. அதற்காக நீ கிடாக்குட்டி வளர்க்கிறாய் என்றும், அதற்கு இப்போதே கொம்பு முளைத்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். உன் அக்காள் அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே எடுத்துப் படித்தேன்.

நடுவில் இங்கே வெயில் வந்தது. பம்பாயில் மழை நின்றதும் புரட்டாசி ஐப்பசியில் ஒரு வெயில் அடிக்கும், நீ பார்த்ததில்லை. சின்னவன் தலையெல்லாம் கட்டி. முடிக்குள்ளே சீழ் வைத்து, பிள்ளை ராத்திரி பகல் அழுகை. அப்போதுதான் மீன் கொண்டுவருகிற சோனாபாய் வந்து பார்த்தாள். கோளிவாடா மீனவர் குப்பத்துக்காரி, நீ வந்திருந்தபோது உனக்குக் கருவாடு கொடுத்தாளே, அவள்தான். நவராத்திரிக்கு அவர்கள் கூட்டமாகக் கார்லா மலைக்குப் போகிறார்களாம். அங்கே ஏகவீரா என்று அம்மன். கோளிக்காரர்களுக்கு அதுதான் குலதெய்வம், ஆயி ஆயி என்று உருகுவார்கள். "பிள்ளை முடியை ஆயிக்குக் கொடுத்துரு பார்வதிபாய், கட்டியெல்லாம் மலையிலேயே நின்னுரும்" என்றாள்.

உன் அக்காள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "கத்தரிக்கோலால ஒட்ட வெட்டிவிட்டாப் போதும் அத்தை. முத முடி சாஸ்தாவுக்குன்னு தம்பி சொல்லி வச்சிருக்கான்." நான் சொன்னேன், "உந் தம்பி வந்து தலையில மருந்து போடுவானா?" 

கட்டிக்காக மட்டும்தான் போனேன் என்று உனக்கு எழுதிவிடலாம். நீயும் நம்புவாய். ஆனால் அது முழுதும் உண்மை இல்லை. எனக்கு உன்மேல் ஒரு கடுப்பு இருந்தது. பேறுகாலம் முடிந்து நீ உன் அக்காளையும் பிள்ளையையும் கொண்டுவந்து விட்டபோது அம்பாசமுத்திரத்துக் கடைசல் தொட்டில் ஒன்றை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாய். வாசலில் இறக்கினதும் நான் லைனே கேட்கும்படி, "பத்துக்குப் பத்து வீட்டுல இதை எங்க போட, உன் தலையிலயா?" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அதில் கரியைக் கொட்டி வைத்தேன். நீ அதைப் பார்த்தாய். ஒரு வாரம் இருக்கிறேன் என்று வந்தவன் அன்றைக்கே, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, இவ்வளவு ரோஷம் ஆகுமா என்று நான் பத்துப் பேரிடம் சொன்னேன். யாருக்கு ரோஷம் அதிகம் என்று இப்போது தெரிகிறது.

மலைக்குப் போனோம். பிச்சையாவுக்கு லீவு இல்லை. நான், உன் அக்காள், சின்னவன், சோனாபாய் வீட்டார். தாதரில் பூனா பாசஞ்சர் ஏறினோம். கர்ஜத் தாண்டினதும் வண்டி மலையைக் குடைந்து குடைந்து போகிறது. ஒவ்வொரு குகையிலும் இருட்டினவுடன் சின்னவன் கத்துவான், வெளிச்சம் வந்ததும் சிரிப்பான். உன் அக்காளும் சிரித்தாள். பம்பாய் வந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. 

மளவ்லி என்று சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து வயல் வரப்பில் நடை. நெல் பழுத்துக் கிடந்தது. கோளிக்காரர்கள் மேளம் அடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே ஏறுகிறார்கள். எனக்கு மூட்டு வலி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த ரயில் பாதை நூல் மாதிரி. எதிரே கோட்டை கட்டின மலை ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் நீலமாக இன்னொன்று. தாராவியில் எதிர் வீட்டுச் சுவரைத் தவிர வேறு ஒன்றும் பார்க்காத கண்ணுக்கு அது தாங்கவில்லை. உன் அக்காள் சின்னவனைத் தூக்கிக் காட்டி, "அங்க பாரு, அந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் மாமா இருக்கான்" என்றாள். நான் கேட்டும் கேளாதது மாதிரி நடந்தேன்.

மேலே அம்மன் கோவில் சின்னதுதான். அதற்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்து பெரிய பெரிய குகை மண்டபங்கள். அதைப் பிறகு சொல்கிறேன். கோவிலுக்கு ஒதுக்கமாக நாவிதர்கள் வரிசையாகத் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. நாவிதர் கிழவர், கத்தியைத் தீட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "மாமா குட்டே?" என்றார். மாமா எங்கே என்று கேட்கிறார். அவர்களுக்கும் முதல் முடி தாய்மாமன் மடியில்தானாம் தம்பி. அவர்களும் மாமன் என்பதற்கு மாமா என்றுதான் சொல்கிறார்கள். இந்தி மராட்டி ஒரு எழுத்தும் தெரியாத உன் அக்காளுக்குக்கூட அந்தக் கேள்வி புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள்.

ஊரில் இருக்கிறான், பங்குனிக்கு அவன் மடியில் வைத்து எடுத்துக்கொள்கிறோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு அவர்கள் பாஷை வரும். இருபது வருஷமாக இந்த ஊரில் காய்கறிக்காரனோடு பேரம் பேசுகிறவள். ஆனால் அப்படிச் சொன்னால் நாவிதர் கத்தியை மடக்கிவிடுவார். இத்தனை பேரோடு, இவ்வளவு தூரம் ஏறி, முடியோடு இறங்க வேண்டும். கடைசியில் உனக்காகக் காத்திருப்பதாக ஆகிவிடும். அந்தத் தொட்டில்காரனுக்காகவா என்று எனக்குள் ஒன்று கேட்டது. வாயைத் திறந்து, "மாமா நஹி" என்றேன்.

மாமன் இல்லை.

நாவிதர் கத்தியைக் கீழே வைத்து உச்சுக் கொட்டினார். சோனாபாய்க்கு உன்னைப் பார்த்த ஞாபகம் இருந்தது. "அரே தேவா, அந்தக் கருவாடு வாங்கின பையனா? எப்போ?" என்று நெஞ்சில் கை வைத்தாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அது போதுமானதாக இருந்தது. கோளிப் பெண்கள் எல்லோரும் வந்து உன் அக்காளின் தலையைத் தடவ ஆரம்பித்தார்கள். பிச்சாரி, பிச்சாரி என்றார்கள், பாவம் என்று அர்த்தம். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ஒருத்தி மேலே கையைக் காட்டிக் கண்ணைத் துடைத்தாள். அப்போது விளங்கிவிட்டது.

"அத்தை, எந் தம்பி உசுரோட இருக்கான்னு சொல்லுங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "அவுகட்டச் சொல்லுங்க அத்தை. நீங்க சொன்னாத்தான் அவுகளுக்கு விளங்கும்."

அத்தனை கூட்டத்தில் அவள் பேசியதை விளங்கிக்கொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான். நான் சொன்னேன், "சும்மா இரி. பொழுது போகுது."

சோனாபாயின் தம்பி பாண்டு என்று ஒருவர். படகுக்காரர், தாடி நரைத்தவர். அவர் முன்னால் வந்து, "இன்றைக்கு இந்தப் பிள்ளைக்கு நான் மாமா" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சின்னவனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். பிள்ளை கத்தக் கத்த ஏதோ படகுப் பாட்டுப் பாடினார். முடியிறக்கி முடிந்ததும் கோளிக்காரர்கள் போடுகிற தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையில் வைத்தார். அது சின்னவன் மூக்கு வரை இறங்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். உன் அக்காள் கீழே விழுந்த முடியில் ஒரு கொத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பக்கத்தில் காது குத்துகிற தட்டான் ஊசியை வைத்துக்கொண்டு கூப்பிட்டான். அவள் சின்னவனைப் பறித்துத் தோளில் போட்டு, ஒரு காதைத் தோளோடு அழுத்தி மறு காதைக் கையால் மூடிக்கொண்டாள். மலை இறங்கி ரயில் ஏறுகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

மலை இறங்குவதற்கு முன்னால் அவர்கள் அம்மனுக்குத் தேங்காய் உடைக்கப் போனபோது எனக்குக் கோவிலுக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. பக்கத்துக் குகைக்குள் போனேன். தம்பி, அதைப் பார்த்தால் மனிதன் செய்தது என்று சொல்லமாட்டாய். கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரிக் கூரை, அதில் விலா எலும்பு போல மர வளைவுகள். இரண்டு பக்கமும் தூண்கள், தூண் தலையில் யானைகள், யானைமேல் ஆணும் பெண்ணும் தோளில் கை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் புத்தரைக் கும்பிட்ட சாமியார்கள் குடைந்தது என்று காவல்காரன் சொன்னான். அவர்கள் படுத்த கல்மேடைகள்கூட அப்படியே இருக்கின்றன. மண்டபத்தின் கடைசியில் சாமி இருக்கும், அதன் காலில் விழுந்துவிடலாம் என்று நடந்தேன். அங்கே போனால் முகம் இல்லை, கை கால் இல்லை. உருண்டையாக ஒரு பெரிய கல், அதன்மேல் ஒரு மரக்குடை. அவ்வளவுதான். யாரைப் பார்த்து என்ன சொல்ல? திரும்பி வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பிச்சையா விஷயம் கேட்டு என்னைப் பார்த்தான். எனக்கு அவர்கள் பாஷை போதாமல் வாய் தவறி வந்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். அதுவும் பொய். உன் அக்காள் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதே இல்லை. வேலையில் ஒரு குறை கிடையாது. எனக்கு வெந்நீர் வைக்கிறாள், மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறாள், சோறு போடுகிறாள். பேச்சுத்தான் இல்லை. முந்தானையில் முடிந்த அந்த முடியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

சின்னவன் தலை ஆறிவிட்டது. அதை எழுதவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தீபாவளி கழிந்து இங்கே பாவ் பீஜ் என்று ஒரு நாள் உண்டு. அன்றைக்கு அண்ணன் தம்பிமார் உடன்பிறந்தாள் வீட்டுக்கு வருவார்கள், அவள் ஆரத்தி எடுப்பாள். போன வெள்ளிக்கிழமை அந்த நாள். பாண்டு வந்துவிட்டார். கையில் ரவிக்கைத் துணி, இரண்டு வாவல் மீன். பின்னால் சோனாபாய். தம்பி இல்லாத பெண் இன்றைக்கு ஆரத்தித் தட்டை வைத்துக்கொண்டு யாருக்குக் காத்திருப்பாள் என்று மனசு கேட்கவில்லையாம். செத்துப்போன பையன் பெயரில் ஆயிக்கு ஒரு தேங்காயும் வைத்துவிட்டு வந்தாராம். இதை அவர் வாசலில் நின்று சந்தோஷமாகச் சொல்கிறார். லைனில் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. பக்கத்து வீட்டு இசக்கி, எதிர் வீட்டு ராபியா, எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உன் அக்காள் தட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அசையவில்லை. என்னைத்தான் பார்த்தாள். மலையில் பார்த்த அதே பார்வை.

கணேசபாண்டியா, இந்த லைனில் நான் யாருக்கும் தலை குனிந்தவள் இல்லை. அன்றைக்குக் குனிந்தேன். "மாமா இருக்கான். உயிரோட இருக்கான். நான் பொய் சொன்னேன்" என்று அவர்கள் பாஷையில் சொன்னேன். இசக்கிக்கும் ராபியாவுக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன்.

சோனாபாய் விட்டாளா? "ஆயி காலடியில நின்னு உயிரோட இருக்கிற பிள்ளையை இல்லைன்னு சொன்னியே, உன் நாக்கு என்ன, நான் மீன் வெட்டுற கத்தியா?" என்று கத்தினாள். கத்தட்டும் என்று நின்றேன். பாண்டுதான் சிரித்துவிட்டார். "நல்லது அக்கா, இப்ப பிள்ளைக்கு ரெண்டு மாமா. காது குத்தும்போது அவனுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது" என்றார். உன் அக்காளுக்கு அதை நான் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவருக்கு ஆரத்தி எடுத்தாள், துணியை வாங்கிக்கொண்டாள். மீனைக் குழம்பு வைத்து எனக்கும் போட்டாள். பேசவில்லை.

போகும்போது சோனாபாய் சொன்னாள், சொன்னதை வாயால் அழித்தால் போதாது, அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போய் ஆயி முன்னால் நிறுத்து என்று. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நீ இங்கே வரவேண்டும். உன்னை அந்த மலைமேல் ஏற்றி, அந்த நாவிதக் கிழவரிடமும் அம்மனிடமும், 'இவன்தான் மாமன்' என்று என் வாயால் சொல்ல வேண்டும். என் மூட்டைப் பற்றிக் கவலைப்படாதே, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவேன். பிறகு பங்குனிக்கு நாங்கள் எல்லோரும் ஊருக்கு வருகிறோம். நான் முதலில் உன் வீட்டு வாசலுக்கு வந்து, வெற்றிலை பாக்கு வைத்து உன்னை அழைப்பேன். அதற்குள் சின்னவனுக்கு முடி வளர்ந்துவிடும். முதல் முடியில் எடுத்து வைத்ததும் அவளிடம் இருக்கிறது. காது இரண்டையும் அவள் காப்பாற்றி வைத்திருக்கிறாள். பாண்டுவுக்கு ஒன்று கொடுப்பதா இல்லையா என்பது உன் இஷ்டம்.

உன் தொட்டிலைக் கழுவிவிட்டேன். சாயம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, கரி ஏறின இடம் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. சின்னவனுக்கு அது இப்போது சின்னதாகிவிட்டது. ஆனாலும் அதற்குள் உட்கார்ந்து கம்பைப் பிடித்துக்கொண்டு தானே ஆடுகிறான். இறக்கினால் கத்துகிறான். வீட்டில் நடக்க இடமில்லை. பரவாயில்லை.

இன்றைக்குக் காலையில் தாளையும் பேனாவையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தது உன் அக்காள்தான்.  வைத்துவிட்டுத் துணி எடுக்க வாசலுக்குப் போய்விட்டாள்.

கடுதாசியில் சிரஞ்சீவி என்று போடுவது எல்லோருக்கும் பழக்கம். நானும் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு உன் பெயருக்கு முன்னால் அதை எழுதிவிட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீ காய்ச்சல் இல்லாமல், குறை இல்லாமல், நாங்கள் எல்லோரும் போன பிறகும் நெடுநாள் இருக்க வேண்டும். அம்மனும் சாஸ்தாவும் என் சொல்லைத் தள்ளிவிட்டு இந்த எழுத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அத்தை பார்வதியம்மாள்

பின்குறிப்பு: பதிலை என் பெயருக்குப் போடாதே. செண்பகவல்லி என்று உன் அக்காள் பெயருக்கே போடு. இரண்டு வரி போதும். தபால்காரர் எங்கள் லைனில் பெயரை உரக்கச் சொல்லித்தான் கொடுப்பார். 'செண்பகவல்லி, உன் தம்பி கடுதாசி' என்று அவர் கூப்பிடுவது எல்லா வீட்டுக்கும் கேட்க வேண்டும்.